நவம்பர் ஒத்திகை

நாலரைக்கே இருட்டிவிடும் அனகோர்டஸில்.
கோடைக்காரர்கள் தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போனபின்
பாதி விலைக்கு வாங்கினோம்,
டிரெய்லரோடு.

முதல் இரவு, எங்கள் கராஜுக்கு முன்னால்.
நாளைக்குப் பரீட்சை போல
ரோவெனா ஓத அட்டவணையை வாய்விட்டுப் படிக்கிறாள்.
நான் ஹீட்டரோடு மல்லுக்கட்டுகிறேன்;
மூன்று முறை புகைந்து
நான்காவதில் மனமிரங்கியது.

"அடித்துளை மூடி எங்கே?"
"என் கோட்டுப் பையில்."
"கோட்டு?"
"வீட்டுக்குள்ளே."
அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

விடியும்போது நெற்றியில் ஒரு சொட்டு.
கடலையே தொடாத படகு.
கூரையெங்கும் கோத்து நின்றது
இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு.

குப்பைத்தொட்டியை உருட்டிப்போன லயல் கேட்டார்:
"எந்தத் தீவு வரைக்கும்?"

"உங்கள் வேலி வரைக்கும்" என்றவள்
பட்டியலில் எழுதினாள்:
துண்டு, இன்னும் நாலு.
கோட்டு.