ஒன்பது செக்கன்

ஞாயிறு பூசை முடிய
எமிலியானுஸின் சலூனில் இருக்க இடம் கிடையாது.
லாஸ் வேகாசில் சனி இரவு, குருநகரில் வெயில் ஏறுகிறது.
பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள்
பன்னிரண்டு சுற்றும் முடிந்துபோயிற்று.
இரண்டு நடுவர்கள் சிவப்புக் காற்சட்டைக்கு,
ஒருவர் மட்டும் மற்றவனுக்கு,
அதுவும் எட்டுப் புள்ளி வித்தியாசத்தில்.

"அந்த மனுசனுக்குக் கண்ணில வெள்ளை விழுந்திட்டுது"
என்கிறான் ஓட்டோ சுகிர்தன், பாதித் தாடியில் நுரையோடு.
மீன் ஏலம் கூறும் செபரட்ணம்
பாரைக்கு விலை கேட்கும் அதே மூச்சில்
"ஏழு அவனுக்கு, எட்டு இவனுக்கு,
ஒன்பது ஆருக்கு? ஒன்பது ஆருக்கு?" என்கிறார்.
ஒன்பதாம் சுற்றை ஒருவரும் வாங்கவில்லை.

சீஆர் கொப்பியில் தானே புள்ளி போட்டுக்கொண்டு வந்த
கணக்கு வாத்தியார் நவநீதராசா
பின்வாங்கிக் குத்தினாலும் குத்துத்தான் என்கிறார்.
முன்னுக்குப் போறவன்தான் சண்டைக்காரன் என்கிறது சலூன்.
"காத்துக்கு எதிரா ஓடுறவனுக்கு மட்டுமோ மீன் படுறது?"
அதற்கு யாரிடமும் பதில் இல்லை,
சத்தம் மட்டும் கூடியது.

எந்தச் சண்டையில் தொடங்கினாலும்
பேச்சு கடைசியில் வந்து தரைதட்டும் இடம் ஒன்றுதான்:
எட்டு வருசத்துக்கு முந்திய ஆவணி,
பாசையூர் கனிசியஸ், கிளிநொச்சி விதுர்சன்,
இரும்புக் குழாயும் நைலோன் கயிறுமாய் ஒரு மேடை,
ஜெனரேற்றர் இருமி இருமித் தந்த வெளிச்சம்.
மூன்றுக்கு இரண்டு. விதுர்சனின் கையை உயர்த்தினார்கள்.

ஐந்து நடுவர்களையும் இன்னும் விசாரித்து முடியவில்லை.
ஒருவர் விதுர்சன்ர மாமியின்ர ஊராம்.
ஒருவருக்குப் போத்தல் போனதாம்.
ஒருவர் மூன்றாம் சுற்று முழுக்கச்
சப்பாத்துக்குள் போன கல்லை எடுத்துக்கொண்டிருந்தாராம்.

என்னை மட்டும் ஒருவரும் விசாரித்ததில்லை.
மேசையின் ஓரத்தில்,
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய
தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில்,
கையில் சுத்தியலோடு இருந்தவன் நான்.

மூன்றாம் சுற்று. விதுர்சன் கயிற்றில்.
அவன் மூக்கால் வந்தது
என் மேசை விரிப்பில் ஒரு துளி, பிறகு ஒரு துளி.
கனிசியஸின் இடக்கை போய்வந்தது,
போய்வந்தது, வலைக்கு ஊசி குத்துகிற மாதிரி.
சனம் எழும்பி நின்று அவன் பெயரைக் கத்தியது.
முள் ஐம்பத்தொன்றில்.
கை போய்விட்டது.

ஒன்பது செக்கன்.
அதற்குள் விதுர்சன் விழுந்திருக்கலாம்,
விழாமல் திருப்பிக் குத்தியிருக்கலாம்.
பயந்து அடித்தேனா, பாவம் பார்த்து அடித்தேனா,
வெளிச்சம் விட்டுவிட்டு வந்ததில்
முள்ளைத்தான் பிழையாகப் பார்த்தேனா?
இதிலும் எனக்குள் மூன்றுக்கு இரண்டுதான்.
கிழமைக்குக் கிழமை
அந்த மூன்று எந்தப் பக்கம் என்பது மாறுகிறது.

இன்றைக்குக் கனிசியஸும் வந்திருந்தான்.
ஐஸ் கொம்பனி வேலை, விரல் நுனிகள் வெளிறியிருந்தன.
சேட் கொலரில் துவாயைச் செருகிக்கொண்டு
எப்போதும் சொல்வதையே சொன்னான்:
"நடுவர்மாரை விடுங்கோ. மணிதான் கெதியா அடிச்சது."

சலூன் குலுங்கச் சிரித்தது.
"தோத்தவன் எல்லாரும் மணியைத்தானடா சொல்லுவான்"
என்றான் சுகிர்தன், நுரை காய்ந்துபோன தாடியோடு.
நானும் சிரித்தேன்.
முதலில் சிரித்தது நானாகவும் இருக்கலாம்.

கண்ணாடிக்குள் ஒருமுறை என்னைப் பார்த்தான் கனிசியஸ்.
பிறகு எமிலியானுஸ் அவன் தலையைக் குனியப் பிடித்தார்.

போகும்போது
என் பிளேன்ரீக்கும் சேர்த்து
அவன்தான் காசு கொடுத்துவிட்டுப் போனான்.