நாகத் தகடு

கந்தப்பளை விடுதியின் கூரையை
அதன் சொந்தக்காரர் பார்ப்பது படத்தில்தான்.
படத்தில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கின்றன.
"நெருப்புப் பிடித்த வீடு மாதிரி இருக்கிறது" என்றார்
கொழும்பிலிருந்து, போனில்.
"பெரஷர் மெஷின் அடித்து ஒரே நாளில் முடியுங்கள்."

அடிக்க மாட்டேன் என்றேன்.
தார் ஓட்டின் மேலே ஒட்டியிருப்பது பொடிக்கல்.
அதுதான் அதற்குத் தோல்.
பெரஷர் அடித்தால் பாசியோடு தோலும்
பீலிக்குள் வந்து குவியும்.
அடுத்த மழைக்கு நீங்கள் என்னைத் தேட மாட்டீர்கள்,
கூரை போடுகிறவனைத் தேடுவீர்கள்.

மறுமுனையில் ஏதோ வாகனம் ஹோர்ன் அடித்தது.
"சரி, உங்கள் விருப்பம்."

கயிறு முகட்டைத் தாண்டி
மறுபக்கத்து டேப்பன்டைன் மரத்துக்குப் போகிறது.
புகைபோக்கியில் கட்டச் சொன்னார் காவலாளி சுமனதாச.
செங்கல்லை நம்பியவனை
டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.
மரத்தை நம்பிய ஒருவனையும்.
ஆகவே மரத்தை இரண்டு தரம் உலுக்கினேன்.

வெயில் இல்லாத காலைதான் நல்லது.
வெயிலில் மருந்து காய்ந்துவிடும், வேலை செய்யாது.
இங்கே வெயில் இல்லாத காலைக்குப் பஞ்சமா?
ஒரு வாளி குளோரின், ஒரு வாளி தண்ணீர்,
முதுகில் மரக்கறித் தோட்டத்து ஸ்ப்ரே டாங்கி.
இதற்கு முன் அதில் கிழங்குக்கு மருந்தடித்தார்கள்;
ஏழு தரம் கழுவினேன், எட்டாவது முறை மோந்து பார்த்தேன்.

கீழே குழந்தைவேல்
ஹைட்ரேஞ்சியாவை நனைத்துக்கொண்டே இருக்கிறான்.
நனைந்த இலை நஞ்சைக் குடிக்காது,
வயிறு நிறைந்தவன் சாராயத்துக்குச் சுணங்குவது போல
என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.
அவன் நம்புகிறானோ என்னவோ, குழாயை விடவில்லை.

பல வருடம் இதை அழுக்கென்று நினைத்திருந்தேன்.
அழுக்கு இப்படி மேயாது.
ஓட்டில் கலந்த சுண்ணாம்பை நக்கி நக்கி
வெயில் எட்டாத வடக்குச் சரிவில்
கறுப்புப் போர்வைக்குள் பிள்ளை பெற்றுப் பெருகுகிறது.
அதன் மேல் மருந்தைத் தூறலாக விட்டு
இருபது நிமிடம் காத்திருப்பேன்.
தேய்க்கக் கூடாது.
கை துறுதுறுக்கும்; கையைக் கயிற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

பத்து மணிக்குப் பவளக்கொடி ஏறி வந்தாள்,
இடுப்பில் அரிவாள், காலில் பூட்ஸ்.
"என்ன ஊத்துறீங்க? வாசம் கீழே வருது.
உங்க பீலி எங்க முடியுதுன்னு பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை.

பீலி குழாயில் விழுந்து, குழாய் கானில் விழுந்து,
கான் வேலியைத் தாண்டி
அவளுடைய லீக்ஸ் பாத்தியில் முடிகிறது.
பாத்திக்குக் கீழே லயத்துத் தண்ணித் தொட்டி.
மேலே நின்று பார்க்க எல்லாம் தெரிந்தது.
காலையிலிருந்து நான் கூரையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

குழாயைக் கழற்றினோம். பீப்பாய் வைத்தோம்.
கழுவிய தண்ணீர் மத்தியானத்துக்குள் ஆறு பீப்பாய்.
அதுவரை போனது எவ்வளவு என்று அவள் கேட்டாள்.
ஒரு பீப்பாய்க்குக் குறைவு என்றேன்.
அது உண்மையாக இருக்கலாம்.
குழந்தைவேல் பூவை விட்டுவிட்டு
அவள் பாத்திக்குக் குழாய் பிடித்தான், அவள் சொல்லும்வரை.
ஒரு வரிசை லீக்ஸ் நுனி வெளிறியது.
அன்றைய கூலியில் அதற்குக் கொடுத்தேன்,
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

இறங்கும்போதுதான் அதைக் கண்டேன்.
புகைபோக்கியைச் சுற்றிய தகட்டுக்குக் கீழே
ஒரு முழ அகலத்தில் சுத்தமான கோடு,
நான் மருந்தடிக்காத இடம்.
மழை தகட்டைத் தொட்டு வடிந்த வழியெல்லாம்
பாசி எட்டிப் பார்க்கவில்லை.
நாகம், என்றேன் சுமனதாசவிடம். அவர் துள்ளிக் குதித்தார்.
பாம்பில்லை ஐயா, தகட்டுப் பூச்சு.
முகடு முழுக்க ஒரு பட்டை அடித்துவிட்டால்
ஒவ்வொரு மழையும் எனக்காகக் கூரை கழுவும்.
சொந்தக்காரருக்குச் சொன்னால் என் வருட வேலை போகும்.

சாயங்காலம் போன் வந்தது.
"இன்னும் கறுப்பு இருக்கிறதே?"
செத்துவிட்டது, போக மழை வேண்டும், ஒரு மாதம் பொறுங்கள்.
பிறகு தகட்டைப் பற்றியும் சொன்னேன்,
ஏன் என்று தெரியாமலே.

எங்கள் லயத்துக் கூரையும் நாகத் தகரம்தான்.
பாசி பிடிப்பதில்லை.
பூச்சுப் போன இடமெல்லாம் துரு,
அதற்கு மருந்து என்னிடம் இல்லை.
ராத்திரி ரொட்டியில் குளோரின் வாசம்.
மூன்று தரம் கை கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
மேலே மழை தொடங்கியது.