நாலாயிரத்து இருநூறு

கலியாணப் புடவையில் சுற்றி
ஊர்காவற்துறையிலிருந்து ஹெர்னேவுக்கு
ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன்.
சுங்க அதிகாரி உலுக்கிப் பார்த்தார்.
“புனித நீரா?”
“இல்லை, பாடம்.”
அவர் சிரிக்கவில்லை.

மச்சான் மகன் கலியாணத்துக்கென்று போன பத்து நாளில்
மூன்று நாள் கிணறு கிணறாய் அலைந்தேன்,
பள்ளி ஆய்வுகூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய
மின்கடத்துமானியும் கையுமாக.
பேயோட்ட வந்தவளைப் பார்ப்பதுபோலப்
பார்த்தார்கள் சம்பந்தி வீட்டார்.
மணப்பெண் வீட்டுக் கிணற்றில்
எண் ஏறி ஏறி நின்றது:
நாலாயிரத்து இருநூறு.
செவ்வாய்தோறும் பவுசர் வரும் வீடு.
அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாததற்குச்
சமையல்காரர் என்னிடம்தான் கோபப்பட்டார்,
மானி வைத்திருந்தவள் நான் என்பதால்.

ஆறாம் வகுப்பு ‘பி’.
இருபத்திரண்டு ஸ்லைடுகள்.
கடைசி ஸ்லைடுக்கு ஒரு மௌனமும்
திட்டமிட்டு வைத்திருந்தேன்.

போத்தல் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க விதியில்லை.
எனவே ஹெர்னே குழாய்த் தண்ணீரில்
சிட்டிகை சிட்டிகையாய் உப்புப் போட்டு
மானி அதே எண்ணைக் காட்டும்வரை கலக்கினேன்.
ஆளுக்கு ஒரு வாய்.
“நூடுல்ஸ் வடிச்ச தண்ணி” என்றான் மார்வின்.
(அவர்களின் ஜெர்மன் எனக்குள்
எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது.)
வகுப்பே சிரித்தது. மௌனம் போயிற்று.

எலிஃப் கை தூக்கினாள்.
“எப்பிடிப் போனீங்கள், ஃப்ராவ் தயாபரன்?”
விமானத்தில்.
“எத்தனை கிலோ?”
பெட்டியைக் கேட்கிறாள் என்று
“முப்பது” என்றேன்.
அவள் கேட்டது புகையை.

கணக்குப் போட்டார்கள், சத்தமாய்,
தசமப் புள்ளிக்கு ஒரு சண்டை.
விடையை என் கையாலேயே
பலகையில் எழுத வைத்தார்கள்:
மூன்று டன்னுக்குக் கொஞ்சம் கீழே.
பெருக்கலில் பிழை தேடினேன்.
இல்லை.

பிறகு மார்வின், கை தூக்காமலே:
“அவையிட்டப் பம்ப் இல்லையோ?
எங்கட அப்பாவுக்குப் பம்ப் நிலையத்திலதான் வேலை.
கரி தோண்டித் தோண்டி இந்த இடமெல்லாம் கீழ போயிட்டுதாம்.
ஓடை தானா வெளியில ஓடாதாம்,
தூக்கித்தான் விட வேணுமாம்.
பம்ப் நிண்டால் இந்த வகுப்பு மீன்தொட்டி.”
“எவ்வளவு காலத்துக்கு?” என்றாள் டாரியா.
“எப்பவும்.”
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

பதினேழு வருடம் இந்த ஊரில் புவியியல் எடுக்கிறேன்.
இது எனக்குத் தெரியும்,
தரிப்பிடத்துப் பலகையில் படித்துவிட்டு
பஸ் ஏறிப் போன அளவுக்கு.

“பம்ப் இருக்கு” என்றேன்.
“வெங்காயத் தோட்டத்துக்கு இரவு பகலாய் ஓடின பம்ப்.
அது இழுத்து இழுத்துத்தான்
கடல் உள்ள வந்தது.”

அப்போது வந்தது
நான் திட்டமிடாத மௌனம்.
ரேடியேட்டர் மட்டும் ஒருமுறை கிளுக்கென்றது.
எலிஃப் தாளில் இரண்டு குழி வரைந்தாள்.
ஒன்றில் மேல்நோக்கி ஓர் அம்பு.
மற்றதிலும் மேல்நோக்கி ஓர் அம்பு.
பிறகு அழிறப்பரைத் தேடி எடுத்து
எதை அழிப்பதென்று தெரியாமல்
பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்லைடு நாலில் மணி அடித்தது.

வரும் செவ்வாய் பம்ப் நிலையத்துக்குப் போகிறோம்.
பவுசர் வரும் கிழமை;
அதற்காக வைத்ததல்ல,
மார்வினின் அப்பாவுக்கு அன்றுதான் பகல் ஷிஃப்ட்.
பெற்றோர் அனுமதித் தாளில்
பயணம் என்ற இடத்தில் எலிஃப் எழுதச் சொன்னது:
நடை, முப்பத்தைந்து நிமிடம்.
மானியை மறக்க வேண்டாமாம்.
அடியில் வரும் தண்ணீர் என்ன எண் காட்டும் என்று
வகுப்பில் பந்தயம் ஓடுகிறது.
ஆளுக்கு ஐம்பது சென்ட்.
நானும் ஓர் எண் எழுதி, மடித்து,
டப்பாவில் போட்டிருக்கிறேன்.