பகு எண்

ஹூசாவிக் துறைமுகத்தில் மீன் எடை எழுதுபவள்
ஸ்டெய்னுன்.
பழைய ஐஸ் கிடங்கில் அவள் கணினி
இருநூற்றுப் பதினோரு இலக்க எண் ஒன்றை
இரவு பகலாக மென்றுகொண்டிருக்கிறது.
டிசம்பரில் அங்கே பகலும் பெரும்பாலும் இரவுதான்.

ஏழில் முடிகிறது: இரண்டு இல்லை, ஐந்து இல்லை.
இலக்கங்களைக் கூட்டினால் மூன்றும் கைவிரிக்கிறது.
மூன்றை, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை
பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுத்தாள்.
பகா எண் என்றால் மீதி ஒன்று.
வந்ததோ
மலைபோல் வேறொரு மீதி.

ஆக, பகு எண்தான்.
எதனால் பகும் என்று மட்டும் வாய் திறக்காது.
கதவு உண்டு என்று சுவரே ஒப்புக்கொண்ட பிறகும்
சுவரைத் தடவிக்கொண்டு நிற்பது.

"இதனால் என்ன வரும்?" என்றான் படகுக்காரன் தோர்கெட்டில்,
கணினியின் சூட்டில் கையுறை காயவைத்தபடி.

ஆறாயிரத்துச் சொச்சம் வளைகோடுகள் வீசினாள்.
எல்லாம் வெறும் நீர்.

மார்ச்சில் ஒரு காலை
ஐம்பத்துமூன்று இலக்கத்தில் ஒன்று சிக்கியது.
பகா எண். சிந்தாமல் சிதறாமல் வகுத்தது.
எடைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டாள்.

மிச்சம் நூற்றைம்பத்தொன்பது இலக்கம்.
அதையும் சோதித்தாள்.
பகு.
எதனால்?

தோர்கெட்டிலைக் கூப்பிட்டுச் சொன்னாள்:
"இன்னும் ஒரு வருஷத்துக்கு
உன் கையுறை காயும்."