ஒன்று-இரண்டு மேசை

எல்கோவில் இரவு இரண்டு மணி.
பனி நெடுஞ்சாலையை மூடிவிட்டது.
லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமியபடி தூங்குகின்றன.
சூதாட்ட விடுதிக்குள் ஒரே ஒரு மேசைதான் உயிரோடிருக்கிறது,
அதில் சீட்டுப் போடுவது நான்.
சட்டையில் பெயர்ப்பட்டை: டெல்ஃபின். கீழே ஊர்: வெல்ஸ்.
"வெல்ஸில் இன்னும் ஆள் இருக்கிறதா?" என்று
வாரம் நாலு பேராவது கேட்பார்கள்.
இருக்கிறோம்.

ஒரு டாலர், இரண்டு டாலர் ஆட்டம்.
இங்கே யாரும் வீட்டை இழப்பதில்லை.
மளிகைக் காசு, டயர் காசு,
மிஞ்சிப்போனால் ஒரு பல் பிடுங்கும் காசு.
தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டும் டஸ்டின்
ஏஸ் ஜோடி தோற்ற கதையை மூன்றாம் முறை சொல்கிறான்.
ஏஸ் ஜோடி ஜெயித்த கதையைப்
பத்து வருஷத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்யாக்கி ஒலாபே பேசமாட்டார்.
பதினெட்டு வயதில் ஆடு மேய்க்க வந்த பாஸ்க்காரர்,
மணிக்கு இரண்டு கை ஆடுவார்.
அவர் காசு வைத்தால் மேசை மொத்தமும்
சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோல் விரலை இழுத்துக்கொள்ளும்.

லொரீன் மட்டும் அன்று இழுத்துக்கொள்ளவில்லை.
டயாலிசிஸ் மையத்தில் வேலை, சீருடைமேல் குளிர்ச்சட்டை.
முன்னால் எண்பத்து நாலு டாலர்.
இரண்டு தரம் எண்ணினாள்,
எண்ண எண்ணக் கூடும் என்பதுபோல்.

ஒன்றை எரித்து மூன்றை விரித்தேன்.
(எரிப்பது என்றுதான் சொல்வோம். நெருப்பெல்லாம் கிடையாது,
மேல்சீட்டை யாருக்கும் காட்டாமல் ஒதுக்குவது, அவ்வளவுதான்.)
ஆட்டின் நாலு. கிளாவர் ஒன்பது. ஆட்டின் ஜாக்கி.
அப்புறம் இஸ்பேட் இரண்டு.
கடைசியாக ஆட்டின் ஏழு.

கிழவர் இருந்ததையெல்லாம் உள்ளே தள்ளினார்,
மந்தையைப் பட்டிக்குள் விடுவதுபோல், அவசரமில்லாமல்.
லொரீன் யோசித்தாள். ஹீட்டர் முனகியது.
டஸ்டின்கூட வாயை மூடினான்.
"ஒருதரமாவது" என்றாள், எதைப் பற்றியோ.
எண்பத்து நாலும் கோட்டைத் தாண்டிப் போனது.
திருப்பினாள்: ஒன்பது, ஜாக்கி. இரண்டு ஜோடி.

அவர் பார்த்தார். வெகுநேரம்.
"நல்லது" என்றார்.
தன் சீட்டு இரண்டையும் கவிழ்த்தபடியே என் பக்கம் சறுக்கிவிட்டார்.
ஒரு சில்லின் விளிம்பில் தட்டி
அவை நிமிர்ந்தன, ஒரு நொடி, என் கண்ணுக்கு மட்டும்.
ராஜா. ஐந்து.
இரண்டும் ஆட்டின்.

விதி எனக்குத் தெரியும்.
மேசைமேல் மலர்ந்த சீட்டுக்குத்தான் வாய் உண்டு.
கவிழ்ந்தது செத்தது,
செத்ததைப் பற்றி நான் பேசக்கூடாது.
குவியலுக்குள் விட்டுக் கலைத்தேன்.
விடுதியின் பங்கு நாலு டாலரைத் துவாரத்தில் போட்டேன்.
மிச்சத்தை அவளிடம் தள்ளினேன்.
லொரீன் எனக்கு ஒரு டாலர் எறிந்தாள்.
கிழவரும், தன்னிடம் திரும்பி வந்த சொச்சத்திலிருந்து,
ஒரு டாலர் எடுத்து என் முன்னால் வைத்தார்.
தோற்றவர் வைப்பது வழக்கமில்லை.
எதற்கான கூலியோ.

அவர் மனைவி கடைசி ஒரு வருஷம்
லொரீனின் மையத்துக்குத்தான் போய்வந்தாளாம்.
அவருக்கு இரண்டு கண்ணிலும் புரையாம்.
இரண்டையும் சொன்னது டஸ்டின்.
டஸ்டின் சொல்வதில் பாதி ஏஸ் ஜோடி.

நாலு மணிக்கு மேல், வாகன நிறுத்தத்தில்,
என் வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
அவர் பக்கத்தில் வந்து நின்றார்.
தெருவுக்கு அப்பால் வங்கியின் விளக்குப் பலகையைப் பார்த்து
"பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று" என்றார்.
நான் திரும்புவதற்குள்
பலகை நேரத்துக்கு மாறியிருந்தது: 4:10.

மறுபடி மாறும்வரை நின்றிருக்கலாம்.
நான் குனிந்து
கண்ணாடியின் அடுத்த மூலையைச் சுரண்டப் போனேன்.