காலியிடம்: டிராம் ஓட்டுநர், ஒருவர்

ஓட்டுநரே இல்லாத ரயிலில் ஏறி
ஓட்டுநர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன்.
கிளானா ஜெயா தடத்தில் காலை எட்டு மணி.
முன்கண்ணாடியை ஒட்டி நின்ற ஒரு சீனப் பையன்
இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான்.
வளைவுகளில் சரியாகத்தான் திருப்பினான்.

பசார் செனியில் இறங்கி, பூங்காவுக்கு மேடேறும்போது
சான்றிதழ் ஃபைல் அக்குளில் ஒட்டிக்கொண்டது.

விண்ணப்பத்தில் பெயருக்கு இருபது கட்டம்.
திரிபுரசுந்தரிக்கே பதினைந்து போயிற்று.
'மகள்' என்பதோடு கட்டம் தீர்ந்தது.
யார் மகள் என்பதை
ஓரத்தில், சாய்த்து எழுதினேன்.

அறையில் மூன்று பேர், ஒரு காற்றாடி.
என்சிக் ஹஸ்மி கேட்டார்: அனுபவம்?
பதினோரு வருஷம். சுங்கைவே தொழிற்சாலை பஸ். இரவு ஷிஃப்ட்.
விபத்து?
ஒரு பக்கக் கண்ணாடி. கேட்டில். மழை.
ஏன் விட்டீர்கள்?
தொழிற்சாலை பினாங்குக்குப் போய்விட்டது, பஸ்ஸைக் கூட்டிப்போகவில்லை.
மூன்றாமவர் கைப்பேசியிலிருந்து தலைதூக்கிச் சிரித்தார்.
மிஸ் லாய் சிரிக்கவில்லை. அவர்தான் கேட்டார்:
வேறு ஏதாவது தெரியுமா?

தெரியும்.
பந்திங் சாலையில் விடிகாலை,
நாற்பத்திரண்டு பெண்கள்
வாய் திறந்தபடி தூங்குவார்கள்.
சிக்னல் சிவப்பானால்
பிரேக்கை மிதிக்கக் கூடாது,
கேட்டுக்கொள்ள வேண்டும்.
கடைசி ஒரு சாணில் காலைத் தளர்த்தினால்
முன்னால் போன தலைகள் பின்னால் வந்து முட்டாது.
ஜன்னலோரத்து நேப்பாளப் பெண்
நாலு வருஷத்தில் ஒருமுறைகூட
சிக்னலில் விழித்ததில்லை.

இத்தனைக்கும் மலாயில் எனக்கு வாய்த்தது
இரண்டே சொல்: 'பிரேக் ஹாலூஸ்'.
மிஸ் லாய் ஏதோ எழுதினார்.
தலைகீழாகப் படிக்க எனக்கு வராது.

டிராம் என்று பெயர்தான், தண்டவாளம் கிடையாது.
டிராக்டருக்கு ரயில் முகமூடி போட்டு
பின்னால் மூன்று பெட்டி.
புகை வராத புகைபோக்கிக்கு மஞ்சள் பெயிண்ட்.
பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது,
சம்பளம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் போகாது.

மூவரும் ஏறினார்கள்.
ஹஸ்மி விரலில் பிளாஸ்டிக் பையில் கோப்பி ஓ,
காதில் போன், யாரோடோ சிமெண்டுக் கணக்கு.
மூங்கில் புதர் தாண்டியதும்
ஒரு பியாவாக், வாலிலிருந்து நாக்குவரை ஆறடி,
நிலத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி குறுக்கே வந்தது.
நிறுத்தினேன்.
அது போகட்டும் என்று இருந்தேன்.
மறுபடி எடுத்தேன்.
ஹஸ்மியின் சிமெண்டுக் கணக்கு நடுவில் அறுபடவில்லை.
கோப்பி பைக்குள்ளேயே இருந்தது.
நாங்கள் நின்றதே அவருக்குத் தெரியாது.
என் தொழிலில் அதுதான் நூற்றுக்கு நூறு,
எந்தத் தாளிலும் ஏறாது.

வெளியே அடுத்த ஆள்.
இருபத்திரண்டு வயதிருக்கும். கிராப் ஓட்டுகிறானாம்.
'எப்படிக்கா, கஷ்டமா?' என்றான்.
'இடப்பக்கக் கண்ணாடி ஆடுது, முதல்ல இறுக்கிக்க' என்றேன்.
பத்தடி நடந்த பிறகு
சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.
இரண்டு பிள்ளைகளின் பள்ளிப் பஸ் காசு
இன்னும் கட்டவில்லை.

கூப்பிடுவார்களாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

திரும்பும் ரயிலில் முன்கண்ணாடி காலி.
பங்சாரில் வண்டி வெடுக்கென்று நின்றதில்
தூங்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ்
நெற்றியைத் தடவியபடி விழித்தாள்.
தப்பு என்னுடையது மாதிரி
அவளைப் பார்க்கக் கூசி
முன்னால் போய் நின்றுகொண்டேன்.
அடுத்த நிலையத்தின் கூரை தெரிந்ததும்
செருப்புக்குள் என் வலது கால்
மெதுவாக இறங்கியது, தளர்ந்தது.

ரயில் நிற்க
இன்னும் அரை நொடி இருந்தது.