ஜெசிந்தன் இரவல் கேட்ட பை

கமராவை யாரிடமும் வாங்கு, ஜெசிந்தன்,
கலியாணவீடு எடுப்பவன்கூடத் தருவான்.
மைக்கை என்னிடம் வாங்கு.
படம் மங்கினால் சனம் பொறுக்கும்,
அது உன் பாணி என்றுகூட எழுதுவார்கள்.
குரல் இரைந்தால்
மூன்றாம் நிமிடம் எழும்பிப் போய்விடும்.

இதுதான் பை.
வலப்பக்க ஸிப் இறுகும், மெழுகுதிரி தேய்.
ரெக்கோடர் முதலாம் குறுக்குத் தெருவில்
பெட்டியும் பில்லும் இல்லாமல் வாங்கினது.
பற்றரி மூன்று மணித்தியாலம் என்று காட்டும்.
ஒன்றரை.
சட்டை மைக் இரண்டு. சிவப்பு நூல் கட்டினது
கழுத்தைத் திருப்பினால் கரகரக்கும்,
அதைக் குறைவாகப் பேசுபவருக்குக் குத்து.
நைலோன் சாரியில் எதையும் குத்தாதே.
பூம் என்று நான் சொல்வது
ஒட்டறைக் கம்பு. சிரிக்காதே,
சட்டகத்துக்குள் தலை நீட்டாமல்
வாயிலிருந்து ஒரு முழத்தில் பிடி.

கொழும்பில் அமைதியான இடம் இல்லை,
அமைதியான நேரம் கொஞ்சம் இருக்கிறது.
வெள்ளவத்தையில் கடல் பக்கத்து அறை என்றால்
ரயில் நேரத்தைக் கேட்டு எழுது,
பிறகு அதையும் நம்பாதே.
சூன் பாண் ஓட்டோ பின்னேரம் வரும்.
அதன் மெட்டு பேச்சுக்குள் ஒருதரம் புகுந்தால்
எந்த மென்பொருளாலும் பிரிக்க ஏலாது.
காகத்தை விட்டுவிடு.
காகம் இல்லாத கொழும்பை யார் நம்புவார்?

முள் மைனஸ் பன்னிரண்டில் நிற்கட்டும்.
ஆள் திடீரென்று சிரிப்பார்,
அல்லது மற்றது.
அதற்கு மேலே இடம் வை.
பேச்சு முடிந்ததும் யாரையும் அசையவிடாமல்
ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதி.
மின்விசிறியை நிறுத்து. பிரிட்ஜை நிறுத்து.
நிறுத்தினால்,
இதற்குத்தான் உன்னை இருக்கச் சொன்னேன்.

தெமட்டகொடை, பதினோராம் மாடி.
நிஹாரா ராத்தா.
தோட்டத்து வீட்டை இடித்துவிட்டு
ஒரு கடிதமும் திறப்பும் கொடுத்து
மேலே ஏற்றிவிட்ட கதை.
பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன்.
கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி ஆனது அறை.
அவ்வளவு சுத்தமான குரலை
அதற்குப் பிறகு நான் பதியவேயில்லை.
ஒரு மணி இருபது நிமிடம்.
கேபிள் சுற்றி, நன்றி சொல்லி,
அவரும் எங்களோடேயே லிப்டில் இறங்கினார்,
கொலன்னாவையில் மகள் வீட்டுக்கு.
நாங்கள் மருதானையில் பிளேன்டீ குடித்தோம்,
சவுண்ட் எப்படி என்று
என்னை நானே புகழ்ந்துகொண்டு.

இரண்டு கிழமை கழித்து, எடிட்டில்,
நாற்பத்தேழாம் நிமிடம்.
கதைக்கு நடுவே, குரலைத் தாழ்த்தி:
“தங்கச்சி, பிரிட்ஜு ஓஃப்ல ஈக்கி,
மறந்துராதீங்க.”
ஹெட்போன் என் காதில்தான் இருந்தது.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொப்பியில் என் கையெழுத்து:
47:10, மைனஸ் முப்பது, உதவாது.

போன் எடுத்தேன். “அதுவா?” என்றார்.
ஐஸ் பக்கெட் விற்பவர் அவர்.
நெல்லி, மாம்பழம், பால்.
பள்ளிக்கூடம் விட்டு லிப்டுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு.
நாற்பத்திரண்டும் தண்ணீர்.
“கரண்ட் பெய்த்தெண்டு நெனச்சன், பாருங்க.”
ஆயிரம் ரூபா கொண்டுபோனேன்.
ஒன்று இருபது, எண்ணூற்று நாற்பது என்று கணக்குப் பார்த்து,
மீதி நூற்றறுபதுக்கு மூன்று வீடு தட்டி
மாற்றிக்கொண்டு வந்தார்.
அதுவரைக்கும் நான் அந்த பிரிட்ஜுக்கு முன்னால் நின்றேன்.
அது இரைந்தது. பதியவில்லை,
ரெக்கோடர் கொண்டுபோகவில்லை.

ஆகவே உன் மோட்டார்சைக்கிள் திறப்பை
பிரிட்ஜுக்குள் வை. முட்டைத் தட்டில்.
அதை எடுக்காமல் நீ வீட்டுக்குப் போக ஏலாது.
போகும்போது அது குளிர்ந்திருக்கும்,
பிளக்கைப் போட்டுவிட்டு எடு.

பை எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும்.
பற்றரியைக் கழற்றிவிட்டுத் தா,
போனமுறை ஒழுகிவிட்டது.